நின்ற பிறகு எங்கே போகும்?

ஒரகடத்தில் பேட்டரி டெஸ்டிங் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியாது. நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. போன வாரம் உங்கள் பிரிவு அந்தோணி போன் செய்து உங்களைப் பற்றி ஒரு புகார் சொன்னான். என்ன புகார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் பாதியில் மடித்து வைத்துவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிடுவீர்கள். நானும் அந்த கேன்டீனில் வருடக்கணக்காக டீ குடித்தவள்தான், எனக்குத் தெரியாதா?

எனக்குச் சொந்த ஊர் மணிமங்கலம். ஒயர் கட்டும் லைனில் ஆரம்பித்து, டெஸ்டிங் பிரிவின் பொறுப்பாளராக முடித்தேன். படிப்பு டிப்ளமோதான். என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று, எதைப் பார்த்தாலும் நோண்டிக் கேட்கிற புத்தி. "இந்தம்மாகிட்ட மாட்டுனா பூர்வீகம் வரிக்கும் கேட்டுட்டுத்தான் வுடும்" என்று எங்கள் ஷிஃப்ட் பஸ் டிரைவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார். அவருக்கு எத்தனை மச்சான்கள், யார் யாருக்கு என்ன வேலை என்பது வரை எனக்குத் தெரியும். அவர் சொன்னதில் தப்பில்லை.

அப்போது நாம் ஆட்டோக்களுக்கும் சரக்கு வேன்களுக்கும் மட்டுமே பேட்டரி செய்துகொண்டிருந்தோம். ஒரு நாள் வினோதமாக ஒரு ஆர்டர் வந்தது. தென் அமெரிக்காவில், மழைக்காட்டுக்கு உள்ளே, ரோடே போகாத ஆற்றங்கரைகளில் வாழும் பழங்குடி மக்களுக்குச் சூரிய சக்தியில் ஓடும் படகுகள். கூரை முழுக்க சோலார் தகடு, கீழே நம் பேட்டரியும் மோட்டாரும். அங்கே பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சந்தை எல்லாவற்றுக்கும் ஆறுதான் ரோடு. பெட்ரோல் பல நாள் பயணம் செய்து பீப்பாயில் வந்து சேர வேண்டும். வராவிட்டால் யாரும் எங்கும் போக முடியாது.

மாதிரி பேட்டரிப் பெட்டி தயாரானதும் அங்கிருந்து இரண்டு பேர் பார்க்க வந்தார்கள். ஒருவர் லூசியா, படகு கட்டும் அமைப்பின் இன்ஜினியர், ஆங்கிலம் பேசுவார். இன்னொருவர் எலியாஸ், அந்த ஆற்றுக்காரர், படகோட்டி. நாற்பத்தைந்து வயது இருக்கும். குள்ளமான, அழுத்தமான உடம்பு. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு லாட்ஜில் தங்கவைத்திருந்தோம். முதல் நாள் காலை, "இங்கே ராத்திரி முழுக்க பஸ் ஹாரன் அடிக்கிறது, யாருக்கு என்ன சொல்கிறார்கள்?" என்று லூசியா மூலம் கேட்டார். என்னைப் போலவே கேள்வி கேட்கிற ஆள் என்று எனக்கு உடனே பிடித்துப் போய்விட்டது.

மூன்று நாள் அவரை விடவில்லை. ஆறு பெருகப் போவதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். "முதலில் நுரை வரும். பழுப்பு நிறத்தில், கையகலத் துண்டு துண்டாக. பிறகு இலைக் குப்பை. அதன் பிறகு முழு மரங்கள்" என்றார். நுரைக்கும் மரத்துக்கும் நடுவில் எவ்வளவு நேரம்? "ஒரு பானை கிழங்கு வேகும் நேரம்." எந்தக் கிழங்கு, எவ்வளவு பெரிய பானை என்று நான் கேட்டதும் லூசியா சிரித்துவிட்டார். அரை மணி நேரம் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். இதெல்லாம் எனக்கு எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க முடியாது. தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது, அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் அவரை லைனுக்கு அழைத்துப் போனேன். லைன் நெடுகத் தலைக்கு மேலே தொங்கும் மஞ்சள் கயிறு உங்களுக்குத் தெரியும். ஏதாவது சந்தேகம் வந்தால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். பாட்டு ஒலிக்கும், சிவப்பு விளக்கு எரியும், மொத்த லைனும் நின்றுவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நம் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. நிறுத்தியதற்காக யாரும் திட்டமாட்டார்கள், நிறுத்தாமல் விட்டால்தான் திட்டு. ஒரு வருடம் அதிகத் தடவை கயிறு இழுத்ததற்காக எனக்கு ஹாட் பாக்ஸ் பரிசு கொடுத்தார்கள். இன்னும் வீட்டில் இருக்கிறது.

அந்தக் கயிற்றை இழுத்துப் பார்க்க எலியாஸுக்கு ஆசை. ஷிஃப்ட் இடைவேளையில் இழுக்கச் சொன்னேன். பாட்டு ஒலித்தது, பெல்ட் நின்றது. அவர் நின்ற பெல்ட்டை வெகுநேரம் பார்த்துவிட்டு லூசியாவிடம் ஏதோ கேட்டார். லூசியா மொழிபெயர்த்தார்: "நின்ற பிறகு எங்கே போகும் என்று கேட்கிறார்."

எங்களுக்குச் சிரிப்பு. "எங்கேயும் போகாது. அதனால்தானே நிறுத்துகிறோம்" என்றேன். அவர் தலையாட்டினார். அவருக்குப் புரியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மணிமங்கலம் ஏரியில் சோதனை. மழைக்காலம் முடிந்து ஏரி நிறைந்திருந்தது. எங்கள் ஊர் ஏரி என்பதால் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். ஒரு படகில் பெட்டியைப் பொருத்தி ஓட்டினோம். வேண்டுமென்றே, சூடு எல்லை தாண்டியதாக ஒரு தப்பான அளவைக் கொடுத்தோம். பேட்டரி தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. ஏரி நடுவில் படகு நின்ற இடத்திலேயே நின்றது. நாங்கள் கை தட்டினோம். எலியாஸ் மட்டும் தட்டவில்லை. ஒரு இலையைக் கிள்ளித் தண்ணீரில் போட்டார். இலை அசையாமல் மிதந்தது. "இந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது?" என்று கேட்டார். எந்தப் பக்கமும் போகாது, இது ஏரி என்றேன். சோதனைத் தாளின் கடைசி வரியில் 'நின்றதா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அனுப்புவதற்கு முன் நடந்த கூட்டத்தில் ஒரே ஒரு ஆள் மறுப்புச் சொன்னான். அவன்தான் அந்தோணி. தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர், அப்பா மீன்பிடித் தொழில். பதினைந்து வருடமாக இங்கே வேலை, சேரப்பணஞ்சேரியில் வாடகை வீடு, இரண்டு பிள்ளைகள். பெட்டிக்கு மூடி போடும் டெக்னீஷியன் என்பதால் கூட்டத்தில் அவனை யாரும் பேசச் சொல்லவில்லை. அவனாகவே எழுந்தான்.

"யக்கா, இது சரி வராதுக்கா. நடுக்கடல்ல இஞ்சின் நின்னுட்டுன்னா அதுக்கப்புறம் போட்டு நம்ம பேச்சக் கேக்காதுல்லா. நீவாடு இழுத்துட்டுப் போயிரும். நிக்கதுதான்க்கா ஆபத்து."

நீவாடு என்றால் அவர்கள் ஊரில் நீரோட்டம். எனக்கு அது நன்றாகவே புரிந்தது. புரிந்தும் என்ன சொன்னேன் தெரியுமா?

"யோவ் அந்தோணி, இது கடல் இல்லப்பா, ஆறு. ரெண்டு பக்கமும் கர கீது. உக்காரு."

அவன் உட்கார்ந்துவிட்டான். பெட்டிகள் கப்பல் ஏறின.

நாலைந்து மாதம் எல்லாம் நன்றாகவே போனது. எலியாஸ் குரல் செய்தி அனுப்புவார், லூசியா அதன் கீழே ஆங்கிலத்தில் எழுதுவார். பெட்ரோல் இன்ஜின் சத்தம் இல்லாததால் கரையில் குரங்கு பேசுவது கேட்கிறதாம். பிள்ளைகள் தினமும் பள்ளிக்கூடம் போகிறார்களாம், முன்பெல்லாம் பெட்ரோல் வந்தால்தான் பள்ளிக்கூடம். நான் அந்தச் செய்திகளைப் பஸ்ஸில் போகும்போது திரும்பத் திரும்பக் கேட்பேன். பின்னால் கேட்கும் பறவைக்கு என்ன பெயர் என்று கேட்டு எழுதுவேன். அவர் சொல்லும் பெயர் என் வாயில் நுழையாது.

ஒரு நாள் சாயங்காலம் ஐந்தரை மணி. நமக்கு ஜெனரல் ஷிஃப்ட் விடும் நேரம், அவர்களுக்கு அப்போது காலை ஏழு. கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். டெஸ்டிங் அறையில் இருந்த திரையில் எலியாஸின் படகுக்கு நேராகச் சிவப்பு எரிந்தது. படகின் கூரையில் சாட்டிலைட் இணைப்பு இருந்ததால் பேட்டரியின் அளவுகள் எல்லாம் நமக்கு வந்துகொண்டிருக்கும். உள்ளே நான்கு இடங்களில் சூடு பார்க்கும் சென்சார். அதில் மூன்று சென்சார்கள் முப்பத்து நான்கு டிகிரி காட்டின. நான்காவது நூற்றுப் பதினெட்டு. எந்த ஒன்று எல்லையைத் தாண்டினாலும் பேட்டரி தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது நம் விதி. நிறுத்திக்கொண்டது.

போன் அடித்தது, லூசியா. எலியாஸையும் அதே அழைப்பில் சேர்த்திருந்தார். படகு நின்றுவிட்டது, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

நம் ஆட்டோ டிரைவர்கள் இப்படிக் கூப்பிடும்போது சொல்வதற்கு ஒரு பதில் வைத்திருந்தோம். ஆயிரம் தடவை சொல்லி வாய்க்குப் பழகிய பதில். அதையே சொன்னேன்.

"பயப்பட வேண்டாம். அணைத்துவிட்டு எல்லோரும் கீழே இறங்கி ஐம்பது அடி தள்ளி நில்லுங்கள். ஒரு மணி நேரம் ஆறட்டும்."

மறுமுனையில் லூசியா மொழிபெயர்க்கவில்லை. "இறங்கி எங்கே நிற்பது?" என்று மெதுவாகக் கேட்டார்.

பஸ்ஸுக்குப் போக அந்தோணி என் பின்னாலேயே பையோடு நின்றிருந்தான். அவன் முகத்தைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அத்தனை வருட அனுபவம் என்னை இதைத்தான் பேசவைத்தது.

பிறகு லூசியா நிலவரத்தைச் சொன்னார். பள்ளிக்கூடப் பயணம். படகில் ஒன்பது பிள்ளைகள். கீழே ஒரு வளைவு தாண்டினால் ஆறு பாறைகளுக்கு நடுவே விழுந்து ஓடும் இடம். எலியாஸ் எப்படியோ கயிறு வீசி, ஆற்றுக்குள் சாய்ந்து கிடந்த ஒரு மரத்தில் படகைக் கட்டியிருக்கிறார். கூரை முழுக்கத் தகடு ஏற்றிய கனமான படகு, துடுப்புக்கு அசையாது. கயிறு தாங்கும் வரைதான்.

"ஆறு எப்படி இருக்கிறது?" என்றேன்.

எலியாஸ் ஒரு வார்த்தை சொன்னார். லூசியா மொழிபெயர்க்கும் முன்பே அது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று நாள் நோண்டி நோண்டிக் கேட்டபோது அவர் வாயில் பலமுறை வந்த வார்த்தை அது. நுரை.

எப்போது வந்தது? கால் மணி நேரம் முன்பு. அப்படியானால் இலைக்குப்பை வந்துகொண்டிருக்கும். அடுத்தது மரங்கள். கட்டி நிற்கிற படகின் மேல் ஒரு முழு மரம் வந்து மோதினால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பேட்டரியை வலுக்கட்டாயமாக மறுபடி ஓட்டவைக்க ஒரு வழி உண்டு. சர்வீஸ் எண். அதைப் போட்டால் சென்சார் என்ன சொன்னாலும் பாதி வேகத்தில் ஓடும். நம் டெக்னீஷியன்களைத் தவிர யாருக்கும் சொல்லக் கூடாது, மேனேஜர் கையெழுத்து இல்லாமல் பயன்படுத்தக் கூடாது. இரண்டு தடவை மேனேஜரைக் கூப்பிட்டேன். மீட்டிங்கில் இருந்தார், எடுக்கவில்லை. ஆனால் எனக்குக் கவலை கையெழுத்தைப் பற்றி இல்லை. நூற்றுப் பதினெட்டு டிகிரி என்பது உண்மையாக இருந்து, நான் எண்ணைக் கொடுத்து, பெட்டி தீப்பிடித்தால்? அதே படகில் ஒன்பது பிள்ளைகள். பொய்யாக இருந்து நான் கொடுக்காமல் விட்டால்? அதே ஒன்பது பிள்ளைகள்.

பஸ் டிரைவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். "இன்னா மேடம், பஸ்ஸு எம்மாம் நேரம் நின்னுகினே கீது. வர்றீங்களா, நான் கெளம்பட்டா?"

"நீ போப்பா" என்றான் அந்தோணி.

திரையில் பழைய அளவுகளைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தேன். நான்காவது சென்சார் ஒரு நொடியில் முப்பத்து நான்கில் இருந்து நூற்றுப் பதினெட்டுக்குத் தாவியிருந்தது. சூடு அப்படி ஏறாது. அடுப்பில் வைத்த பாலைப் பார்த்திருக்கிறோமே, ஏறித்தான் பொங்கும். தாவுவது ஒயர்தான், ஈரம் பட்ட இணைப்பாக இருக்கும். இருக்கும் என்றுதான் சொல்ல முடியும், இருக்கிறது என்று சொல்ல முடியாது.

"எலியாஸைப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைக்கச் சொல்லுங்கள். நான்காவது மூலை, இடது பின்பக்கம். சூடா? வாசனை ஏதாவது?"

குளிர்ந்திருக்கிறது, வாசனை இல்லை என்று பதில் வந்தது. வெளியே கை வைத்து உள்ளே இருக்கிற சூட்டை முழுதாகச் சொல்லிவிட முடியாது. அதுவும் எனக்குத் தெரியும்.

அப்போதுதான் அந்தோணியைத் திரும்பிப் பார்த்தேன். "நீ இன்னாப்பா சொல்ற?"

"கயிறு அந்து போச்சுன்னா நம்ம கையில ஒண்ணும் இல்லக்கா. ஓடுதப்ப என்ன வந்தாலும் அந்தாளு பாத்துக்கிடுவாரு. போட்டு அவரு கையில இருக்கணும்."

பிள்ளைகளையெல்லாம் படகின் முன் நுனிக்கு அனுப்பச் சொன்னேன். பெட்டி பின்னால் இருந்தது. எலியாஸிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். சென்சார் பொய் சொல்கிறது என்று நினைக்கிறேன், உறுதி இல்லை, புகை தெரிந்தால் உடனே அணைக்க வேண்டும், ஓட்டுவதா வேண்டாமா என்பதை நீங்கள் சொல்லுங்கள். லூசியா மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அவர், "எண்ணைச் சொல்லுங்கள்" என்றார். ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னேன்.

பாதி வேகத்தில் நீரோட்டத்தை எதிர்த்துப் போக முடியாது. நான் அதைச் சொல்ல வாயெடுத்தபோதே, சாய்வாகக் கரையைப் பிடிக்கப் போவதாக அவர் சொல்லிவிட்டார். கயிற்றை வெட்டும் சத்தம் கேட்டது.

அதன் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. பெட்ரோல் இன்ஜினாக இருந்தால் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று போனிலேயே தெரிந்திருக்கும். நம் மோட்டார் சத்தமே போடாது, அதைச் சொல்லித்தானே விற்றோம்! தண்ணீர்ச் சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. திரையில் மூன்று எண்களும் முப்பத்து நான்கு, முப்பத்தைந்து, முப்பத்தாறு என்று மெல்ல ஏறின. நான்காவது நூற்றுப் பதினெட்டிலேயே நின்றது, பொய்யன். அந்தோணி சிலுவை போட்டுக்கொண்டான். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திடீரென்று பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். பிறகு சேற்றில் கால் வைக்கிற சத்தம், சளக் சளக்கென்று. நான் எண்ணினேன். ஒன்பதுக்கு மேலேயும் எண்ணியிருப்பேன், கண்ணில் தண்ணீர் வந்து கணக்குத் தப்பிவிட்டது.

மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். எண்ணைக் கொடுத்ததற்கு விளக்கக் கடிதம் கேட்டார், எழுதிக் கொடுத்தேன். அறிக்கையில் 'இணைப்பில் ஈரம்' என்று எழுதி முடித்துக்கொள்ளலாம் என்றார். அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. ஈரம் எங்கேயும் வரும். ஈரம் வந்ததும் ஓடுகிற ஆற்றில் படகை நிறுத்தச் சொல்லிக்கொடுத்தது யார்? நாம். ரோடு உள்ள ஊரில், கயிறு தொங்குகிற லைனில், அசையாத ஏரியில் வைத்துப் பார்த்துவிட்டு நின்றால் போதும் என்று கையெழுத்துப் போட்டது யார்? நான். அதை அப்படியே எழுதினேன். கூட்டத்தில் இதை முன்கூட்டியே சொன்னவர் அந்தோணி, உட்காரச் சொன்னவர் நான் என்பதையும் எழுதினேன். மேனேஜர் அதை இரண்டு தடவை படித்தார். கடைசியில் கையெழுத்துப் போட்டார். நல்ல மனுஷன்தான், மீட்டிங்தான் அதிகம்.

படகுப் பெட்டிகள் எல்லாவற்றிலும் விதியை மாற்றினோம். சந்தேகம் வந்தால் அலாரம் அடிக்கும், வேகம் குறையும், ஆனால் நிறுத்துவது படகோட்டியின் கையில். எலியாஸுக்கு நடந்ததெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டுக் குரல் செய்தி அனுப்பினேன். அவர் பதிலில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த மஞ்சள் கயிறு நன்றாக இருக்கிறதா என்று விசாரித்திருந்தார்.

சோதனைத் தாளில் 'நின்றதா? ஆம் / இல்லை' என்ற வரிக்குக் கீழே நான் என் கையால் ஒரு வரி சேர்த்தேன்: 'நின்ற பிறகு எங்கே போகும்?' தணிக்கைக்கு வந்தவர்கள் இதற்கு டிக் அடிக்கக் கட்டம் இல்லையே என்றார்கள். கட்டம் வேண்டாம், எழுதுவதற்கு இரண்டு வரி இடம் விடுங்கள் என்று சண்டை போட்டு வாங்கினேன். இப்போது ஆட்டோ, வேன், ஆஸ்பத்திரி லிஃப்ட், எந்தப் பெட்டி போனாலும் அந்தத் தாள் கூடவே போகிறது. உங்கள் மேசையிலும் இருக்கும், பாருங்கள், கடைசி வரி.

இனி அந்தோணியின் புகார். இன்று உங்கள் பொறுப்பாளர் அவன்தான் என்றாலும் உங்களிடம் அவன் நேரில் கடுமையாகப் பேசியிருக்க மாட்டான், அவன் சுபாவம் அப்படி. என்னிடம் சொன்னது இது:

"யக்கா, பயலுவ அந்த வரிக்கு நேரா 'என்.ஏ.'ன்னு எழுதி கையெழுத்துப் போட்டுருதானுவ. எல்லாத் தாள்லயும் அதே 'என்.ஏ.'தான்க்கா. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

பொருந்தாதாம்! சரி, சொல்லிவிட்டேன். நாளைக் காலை முதல் தாளை எடுக்கும்போது, அந்த வரிக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பெட்டி எங்கே போகிறது, அதன் மேல் யார் உட்காரப் போகிறார்கள் என்று யாரையாவது கேளுங்கள். தெரியாவிட்டால் எனக்குப் போன் செய்யுங்கள். நானும் கேட்டுத் தெரிந்துகொள்வேன்.